ஒரு வறுவலுக்கு மீன்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிற கிரிம்ஸ்பியில் மீனைக் காசு கொடுத்து வாங்குகிறவனைப் பார்த்தால் ஊர்க்காரர்களுக்கு இளக்காரம். துறைமுகத்திலோ மீன் கம்பெனியிலோ ஒரு சொந்தம், ஒரு சினேகிதம்கூட இல்லாமல் அவன் என்ன மனுஷன் என்று பேசிக்கொள்வார்கள். கம்பெனி வேலைக்காரர்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோவார்கள். வால் பக்கம், உடைந்த துண்டு, அளவு தப்பியது என்று இருக்கும். அதற்கு 'ஒரு வறுவலுக்கு' என்று பெயர். குழாய் அடைப்பு எடுத்தவனுக்கும், கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்தவளுக்கும், ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் விட்டவனுக்கும் ஒரு வறுவலுக்கு மீன் கொடுத்துவிட்டால் போதும். காசை நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள்.

லின்சி ஸ்டெய்ன்டன் இந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அதனால்தானோ என்னவோ, எட்டு மாதமாகத் தான் செய்துகொண்டிருந்தது திருட்டு என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைக்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. வெள்ளிக்கிழமைகளில் உறைக்காது. மற்ற நாட்களில் உள்ளுக்குள் லேசாக அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. அக்டோபர் மாதக் காற்று ஹம்பர் ஆற்று முகத்துவாரத்திலிருந்து கிளம்பி, கம்பெனியின் பெரிய கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வந்து போனது. வந்தாலும் போனாலும் குளிரில் வித்தியாசம் இல்லை. ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள். தலையில் நீல வலை, மேலே வெள்ளைக் கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். லின்சிக்கு முள்ளெடுக்கும் வேலை. ஹேடக் மீனின் சதையைப் பெருவிரலால் ஒரு தடவு தடவினால் முள் வரிசை எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் கத்தியால் கீறி அந்தப் பட்டையை மட்டும் உருவி எறிவாள். சதை அதிகமாகப் போனால் சூப்பர்வைசர் கத்துவான். முள் தங்கிவிட்டால் வாங்கினவன் கத்துவான். கையுறைக்கு உள்ளே இன்னொரு கையுறை போட்டாலும் பத்து மணிக்குமேல் விரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிரே நின்ற மோரீனுக்கு இயந்திரச் சத்தத்தை மீறுகிற தொண்டை.

"சங்கதி கேட்டீங்களாடி? எங்க தெருமுனையில ஒருத்தி. புருஷன் ஓடிட்டான், தனியா இருக்கேன்னு சொல்லி கவர்மெண்டுல உதவித்தொகை வாங்கிட்டிருந்திருக்கா. அவன் என்னடான்னா ஜன்னல்ல துணி காயப் போட்டுட்டு நிக்கிறான்!"

"பிடிச்சிட்டாங்களா?"

"பிடிக்காம? தெருவே பாத்துச்சு. நாம இங்க வெரல் வெறைக்க வெறைக்க முள்ளு புடுங்குறோம், அவ வீட்ல ஒக்காந்து நம்ம வரிப்பணத்தத் திங்குறா. ஏ லின்சி, என்ன, வாய்க்குள்ள மீனைப் போட்டு வச்சிருக்கியா? ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?"

லின்சி கத்தியைத் துடைத்தாள். எல்லாரும் பார்க்கிற மாதிரி இருந்தது. உண்மையில் ஒருத்தியும் பார்க்கவில்லை.

"மானங்கெட்டவ" என்றாள்.

சொன்ன வார்த்தை தன்மேலேயே திரும்பி விழுந்ததுபோல இருந்தது. அடுத்த மீனில் பட்டையோடு நல்ல சதையும் சேர்ந்து போயிற்று.

விஷயம் இதுதான். லின்சியின் புருஷன் கிரெய்க், எண்ணெய்க் கிணற்று வேலைக்கு என்று வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அப்போது மகள் பெத்தனிக்கு மூன்று வயது முடியவில்லை. லின்சி வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளையை கிளெண்டா பார்த்துக்கொண்டாள். கிளெண்டா முறைப்படி பதிவு செய்துகொண்டு, வாரக் கூலிக்குத் தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பவள். ஐம்பது தாண்டியவள். அந்தக் கூலியில் பெரும்பகுதியை அரசாங்கமே லின்சியின் உதவித்தொகையோடு சேர்த்துப் போட்டுவிடும். லின்சி தன் கையிலிருந்து மிச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பாள். கூலி கூடினாலும் குறைந்தாலும் போன் பண்ணிச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

பிப்ரவரியில் கம்பெனியில் ஷிஃப்ட்டைக் குறைத்தார்கள். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கிளெண்டாவின் வாசலில் நின்று லின்சி அழுதுவிட்டாள். மீன் நாற்றத்தோடு ஒருத்தி வாசலில் நின்று அழுதால் கிளெண்டாவால் தாங்க முடியாது. "காசப் பத்தி இப்பப் பேசாத. நெலம சரியானப்புறம் பாத்துக்கலாம். உள்ள வா, பிள்ள பயப்படுது பாரு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் காசு கேட்கவே இல்லை. லின்சி வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வறுவலுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆனால் அரசாங்கத்துக்கு அந்த வாசல் பேச்சு தெரியாதே. கூலிக்கான பணம் வழக்கம்போல லின்சியின் கணக்கில் விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அடுத்த வாரம் எரிவாயு மீட்டருக்குக் காசு போட வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் பெத்தனிக்குப் பூட்ஸ் சின்னதாகிவிட்டது. ஈஸ்டருக்கு ஷிஃப்ட் எல்லாம் திரும்பி வந்தது. அதை அவள் கிளெண்டாவிடம் சொல்லவில்லை. ஜூன் மாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் மேபிள்தோர்ப் கடற்கரைக்குப் போய், வாடகைக்கு விடும் கேரவன் வண்டி வீட்டில் தங்கிவிட்டு வந்தாள். அக்கா செலவு என்று கிளெண்டாவிடம் சொன்னாள். வரும்போது கிளெண்டாவுக்கு, ஊர்ப் பெயர் எழுதிய மிட்டாய்க் குச்சி ஒன்று வாங்கி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்தபோது, பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனாள். லின்சிக்கு அது பழகிய விஷயம். அன்றைக்கு மட்டும் சுருக்கென்று குத்தியது.

கிளெண்டா கதவைத் திறந்தபோதே கோட்டு மாட்டியிருந்தாள். உள்ளே துப்புரவு வேலைக்காரிகள் போடும் ஊதா நிற மேலங்கி. கோடை முடிந்ததிலிருந்து சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு அவள் பள்ளிக்கூடம் கழுவப் போகிறாள்.

"வா கண்ணு, சட்டுனு கதவச் சாத்து. இந்தக் காத்து ரானைத் தூக்கிட்டுப் போயிரும்."

"போனாலும் திருப்பிக் கொண்டாந்து போட்டுரும்" என்றார் நாற்காலியிலிருந்த அவள் புருஷன் ரான். முன்பு மீன்பிடி இழுவைக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். முதுகு போனதிலிருந்து அந்த நாற்காலிதான் அவருக்குக் கப்பல். பெத்தனி அவர் காலடியில் உட்கார்ந்து ஒரு குதிரைக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"டீ ஊத்தி வச்சிருக்கேன், குடி. இன்னிக்கு உன்னைப் பத்தி ஒரு போன் வந்துச்சு."

"யாரு?"

"உதவித்தொகை ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு. நல்லாத்தான் பேசுனா. பெத்தனியப் பாத்துக்க வாரத்துக்கு எவ்வளவு வாங்குறீங்க, முன்ன எழுதிக் குடுத்த அதே தொகைதானா, இப்பவும் குடுக்குறாங்களான்னு கேட்டா."

லின்சி கோப்பையை எடுக்கவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுட்டேன். வாரா வாரம் டாண்ணு குடுத்துருவான்னுட்டேன்." கிளெண்டா கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "பொய்தான். போகட்டும். காசு குடுக்காம பிள்ளைய விட்டுட்டுப் போறான்னு முன்னப்பின்ன தெரியாத ஒருத்திகிட்ட எதுக்கு உன் மானத்த வாங்கணும்? அப்புறம் உனக்கு வர்ற நாலு காசையும் நிறுத்திட்டாங்கன்னா?"

"இவ சொன்ன மொத பொய் இதுதான்" என்றார் ரான். "எங்கிட்ட சொன்னத எல்லாம் கணக்குல சேக்காம."

"நீங்க சும்மா இருங்க. அந்த ஆபீஸ் விவகாரம் எனக்கு ஒரு எழவும் புரியாது லின்சி. மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் கைக்காசு போட்டுக் குடுக்குறவங்க. உனக்கு மட்டும்தான் அன்னிக்கு என் பேரும் பதிவு நம்பரும் எழுதிக் குடுத்தேன். சரியாத்தான சொன்னேன்?"

அந்த நேரத்தில் லின்சி வாயைத் திறந்திருக்க வேண்டும். ரான் இருந்தார், பிள்ளை இருந்தது, கிளெண்டாவுக்கு வேலைக்கு நேரமாயிற்று. சாக்குக்கு என்ன குறை? "ரொம்ப தேங்க்ஸ் கிளெண்டா" என்றாள்.

தெருமுனை வரை மூன்று பேரும் சேர்ந்து நடந்தார்கள். பெத்தனி கிளெண்டாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நர்ஸ் பொண்ணு இன்னிக்கும் வந்து கேட்டா" என்றாள் கிளெண்டா. "அவ பையனப் பாத்துக்க முடியுமான்னு. மூணு பிள்ளைக்குமேல எனக்கு அனுமதி இல்லையே. இடமில்லேன்னுட்டேன். இவ இருக்காளே என் தங்கம்."

வீட்டுக்குப் போய் லின்சி பிள்ளைக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். தனக்கு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கிளெண்டா பள்ளிக்கூடம் கழுவப் போவது ரானின் முதுகு மருந்துச் செலவுக்கு என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பெத்தனி உட்காருகிற இடம் காசு வராத இடம், அதற்கு ஈடாகத்தான் அவள் வாளியைத் தூக்குகிறாள் என்பது கூட்டல் தெரிந்த பிள்ளைக்கும் விளங்கும். இப்போது அதற்குமேல் இன்னொன்று. வாங்காத கூலியை வாங்கியதாகச் சொல்லிவிட்டாள். நாளைக்கு அவளுடைய வரவுக் கணக்கைக் காட்டச் சொன்னால் அவள்தான் பொய்க்காரி. பதிவை எடுத்துவிட்டால் பிழைப்பே போச்சு. தன் பெயர் கெட்டால் லின்சி எப்படியாவது தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிடுவாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் எங்கே போய்த் தலையைக் குனிவாள்?

புதனும் வியாழனும் கிளெண்டா வீட்டு வாசலிலேயே நின்று, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் மீன் எடுக்கும்போது மோரீன் எட்டிப் பார்த்தாள். "என்னடி, ஊருக்கே விருந்தா? பொட்டலம் இடுப்ப ஒடிச்சிரும் போலிருக்கே." அப்போதுதான் லின்சி குனிந்து பார்த்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கட்டியிருந்தாள். திருப்பி எடுத்து வைக்கவும் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் கிளெண்டாவுக்குப் பள்ளிக்கூட வேலை இல்லை. பெத்தனியும் ரானும் முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளெண்டா சமையலறைத் தொட்டியில் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இதென்ன இவ்வளவு? எங்க ரெண்டு பேருக்கு வாரம் பூரா வரும் போலருக்கே. உக்காரு கண்ணு. நீயும் பிள்ளையும் இங்கயே சாப்பிட்டுப் போங்க."

"கிளெண்டா, அந்தப் பணம் வந்துக்கிட்டுதான் இருக்கு."

"எந்தப் பணம்?"

"பெத்தனியப் பாத்துக்குறதுக்கு. உங்களுக்குக் குடுக்க வேண்டியது. கவர்மெண்டுலேர்ந்து. நான் நிறுத்தச் சொல்லல. பிப்ரவரியிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு."

கிளெண்டா குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"உங்கிட்ட இல்லாமதான் நீ குடுக்கலன்னு நெனச்சேன்."

"மொதல்ல அப்படித்தான். ஷிஃப்ட் குறைச்சப்ப நெசமாவே கையில காசு பத்தல."

"அப்புறம்?"

"ஈஸ்டருக்கே ஷிஃப்ட் திரும்பக் குடுத்துட்டாங்க."

"ஈஸ்டருக்கா?" கிளெண்டா இப்போது திரும்பினாள். ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். "மேபிள்தோர்ப் போனியே. உங்க அக்கா குடுத்த காசுன்னியே."

லின்சி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று சொல்ல முடியாத ஆட்டல். பிறகு, "அக்கா ஒண்ணும் குடுக்கல" என்றாள்.

"எனக்கு மிட்டாய் வாங்கிட்டு வந்த. என் காசுல எனக்கே மிட்டாய். ரான் அதக் கடிச்சு ஒரு பல்ல ஒடச்சுக்கிட்டாரு." கிளெண்டா சிரிக்கப் போகிறாள் என்று ஒரு நொடி தோன்றியது. சிரிக்கவில்லை. "நான் வாளிய எடுத்துட்டுப் போறத தினம் பாத்துட்டுத்தான இருந்த? தெருமுனை வரைக்கும் கூடவே வருவியே. என்ன நெனச்சிக்கிட்டு நடந்த?"

"வாரா வாரம் மீன் குடுக்குறேனே, அதுலயே கணக்கு நேராயிரும்னு நெனச்சுக்கிட்டேன். நெசமா. நம்ம ஊர்ல அப்படித்தான எல்லாரும்..."

"மீனா?" கிளெண்டாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லின்சிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "மீன் கூலி இல்ல லின்சி. காசு வாங்க மாட்டேங்குற மனுஷிக்கு, மனசு கேக்காமக் குடுக்கறது மீன். எங்க அம்மா குடுத்தா, உங்க அம்மா குடுத்தா. காச உள்ள வச்சிக்கிட்டு அதுக்குப் பதிலா யாரும் குடுத்தது கெடையாது. அதையும் கொண்டுவந்து கணக்குல சேத்துட்டியே."

லின்சிக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று நினைத்தாள். இந்த வீட்டில் ஒருமுறை அழுதுதான் இவ்வளவும் நடந்தது. கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மேல எதுவும் வரக் கூடாது. நான் அவங்ககிட்டச் சொல்லிடறேன். திங்கக்கிழமை போன் பண்ணி..."

"எட்டு மாசமா திங்கக்கிழமைதான. ஆபீஸ் எட்டு மணி வரைக்கும் உண்டுன்னு அந்தப் பொண்ணே சொன்னா. போன் அந்தா இருக்கு."

சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து லின்சி எண்களை அழுத்தினாள். வெகுநேரம் பாட்டு ஓடியது. கிளெண்டா மீனின் தோலை உரிக்கத் தொடங்கினாள். பழகாத கை, சதையும் கூடவே வந்தது. மற்ற நாளாக இருந்தால் லின்சி கத்தியை வாங்கிக்கொண்டிருப்பாள்.

இளவயதுக் குரல் ஒன்று வந்தது. அவன் பெயர் கேட்டான், பிறந்த தேதி கேட்டான், என்ன விஷயம் என்று கேட்டான்.

"பிள்ளையப் பாத்துக்குற செலவு மாறியிருக்கு. நான் சொல்லாம விட்டுட்டேன்."

"பரவாயில்லைங்க, இப்பச் சொல்றீங்கல்ல. எந்தத் தேதியிலேர்ந்து?"

லின்சிக்கு மாதம்தான் தெரிந்தது. "பிப்ரவரி... பிப்ரவரியில..."

"ரெண்டாவது திங்கக்கிழமை" என்றாள் கிளெண்டா, மீனைப் பார்த்துக்கொண்டே. "மழை பேஞ்சுச்சு. குடை இல்லாம வந்து நின்ன."

லின்சி அதைச் சொன்னாள். மழையைச் சொல்லவில்லை.

"செலவு எவ்வளவாக் குறைஞ்சது?"

"ஒண்ணுமே குடுக்கல."

"அப்ப பிள்ளைய வேற யாராவது பாத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. அவங்கதான். காசு வாங்காம."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் நின்றது. "காசு வாங்காமலா? ஆனா இந்த வாரம் நாங்க பேசினப்ப, வாங்குறதா அவங்க சொல்லியிருக்காங்களே."

"எனக்காகச் சொன்னாங்க. நான் கஷ்டத்துல இருக்கேன்னு நெனச்சு சும்மா பாத்துக்கிட்டாங்க. என் மானம் போயிரக் கூடாதுன்னு அப்படிச் சொன்னாங்க. பணம் எனக்கு வந்துக்கிட்டு இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. அவங்க மேல தப்பு இல்ல. அத எழுதிக்குங்க. தயவுசெஞ்சு எழுதிக்குங்க."

கிளெண்டாவின் கத்தி அசையாமல் நின்றது. இந்த வார்த்தைகளை நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல், முகம் தெரியாத ஒரு பையனிடம் சொல்கிறோமே என்று லின்சிக்குத் தோன்றியது.

எழுதிக்கொண்டதாக அவன் சொன்னான். வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள், வேறு கேள்வி இருந்தால் கூப்பிடுவார்கள் என்றான். அவன் குரலில் கண்டிப்பு கொஞ்சம்கூட இல்லை. அவனுக்கு அன்றைக்கு இதுபோல எத்தனையோ.

"சரிங்க. இனிமே எப்படி? அவங்க காசு வாங்காமத்தான் பாத்துக்குவாங்களா, இல்ல எதாவது வாங்குவாங்களா? அதையும் இப்பவே குறிச்சுக்கறேன்."

லின்சி போனைக் கையால் பொத்தினாள். கிளெண்டாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, அந்தச் சின்னச் சமையலறையில் பையனின் குரல் தெளிவாகவே கேட்டது. முன்னறையில் பெத்தனி எதற்கோ கலகலவென்று சிரித்தாள். கிளெண்டா அந்தச் சிரிப்பு வந்த பக்கம் பார்த்தாள்.

"பிள்ள என்ன பண்ணும்" என்றாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்தாள். "திங்கக்கிழமையிலேர்ந்து முழுத் தொகைன்னு சொல்லு. வாரம் பொறக்கும்போதே குடுத்துரணும். ரசீது தருவேன். எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்."

"கிளெண்டா..."

"சொல்லு. அந்தப் பையன் காத்துக்கிட்டு இருக்கான்."

லின்சி பொத்திய கையை எடுத்தாள். முகமெல்லாம் எரிந்தது.

"முழுத் தொகைங்க" என்றாள். "எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்."

அவன் தொகையைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டான். சரி என்றாள்.